பாப்பாவின் கல்

அண்ணா,

கொள்ளுத்தாத்தா இங்கே முதலில் குடியேறிக் காடு வெட்டிக் கட்டிய நம் வீடு அணைத் தண்ணீரில் மூழ்கப் போகிறது. பின்னாலிருக்கும் நம் குடும்பக் கல்லறைகளை நாளைக் காலை தோண்டி மேட்டுக்கு மாற்றுகிறார்கள். கல் இருக்கும் இடத்தில் மட்டும்தான் தோண்டுவார்களாம்.

அங்கே புதைத்த நம் கைக்குழந்தை, பாப்பாவின் தலைமாட்டில் இருந்த பேர் வெட்டாத ஆற்றுக்கல்லை, வால்நட் உடைக்கப் போன வருடம் நான்தான் எடுத்தேன். இன்று குத்துமதிப்பாகத் திரும்ப வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "பாப்பா இன்னும் கொஞ்சம் மேல தள்ளித்தானே இருந்தா?" என்றாள்.

"பெத்தவளுக்கே எடம் மறந்துபோச்சா? கல்லு என்ன நடந்தா போகும்?" என்றார் அப்பா.

"மறந்துதான் போச்சு போல" என்று அம்மா அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குக் குழி வெட்டிய உனக்குத்தான் சரியான இடம் தெரியும். இந்தக் கடிதம் நீ இருக்கும் டெட்ராய்டுக்கு வந்து சேர ஒரு வாரமாகும்.

உன் தங்கை