பேய்க்குத் தைத்த கவுன்

குரோம்பேட்டை
12.2.1991

அன்புள்ள ஹஃபீசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவின் மூட்டுவலி தேவலையா?

தாம்பரம் கல்லூரிப் பிள்ளைகள் போடும் இங்கிலீஷ் பேய் நாடகத்துக்கு உடுப்பெல்லாம் நான்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய சீமைக் கவுன். பேயாக நடிக்கும் பெண் அளவெடுக்க விடவில்லை. சுடிதார் போடுகிறவளிடம் அளவு ஜாக்கெட்டும் இல்லை. அவளும் உன் உடம்புவாகுதான் என்பதால், உன் அளவை நினைத்தே வெட்டினேன். ஒத்திகையில் தொளதொளவென்று தொங்கியது. டைரக்டர் துள்ளினார்.

"சூப்பர் பாய்! உள்ள ஆளே இல்லாத மாதிரி இருக்கு!"

மூன்று பெருநாளாக லீவு தராத முதலாளியும் கைதட்டினார். நானும் சிரித்துவைத்தேன். ஊரார் அளவெல்லாம் நோட்டில் இருக்கிறது; உன் அளவுதான் கையை விட்டுப் போய்விட்டது.

கடை திறந்தாயிற்று, முடிக்கிறேன். உன் ஜாக்கெட் ஒன்றைத் தபாலில் அனுப்பு. பழையதே போதும். துவைக்க வேண்டாம்.

ஹிதாயத்துல்லா