நம் அறைக்கு முப்பத்துமூன்று டைல்

அன்புள்ள மதுஷிகாவுக்கு,

மாதா துணையால் கட்டாரில் நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமா? டைல் வெட்டும்போது விரலில் சின்னக் கீறல், அவ்வளவுதான்.

போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அம்மா எடுத்த வீடியோவைப் பார்த்தேன். வீட்டு வேலைக்கு வந்த மேசன் ரொஹான் பாஸ் நம் படுக்கையறையை அளக்கிறார். டேப்பின் மறுமுனையைச் சிரித்துக்கொண்டே நீ பிடித்திருக்கிறாய். "நாப்பது டைல் வேணும்னு பாஸ் சொன்னாருங்க" என்கிறாய். நாள் முழுக்க அடுத்தவர் வீடுகளில் டைல் பதிக்கும் என்னிடம் ஏன் கேட்கவில்லை? பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு இரண்டடி டைல் முப்பது போதும். உடைந்தால் மாற்ற மூன்று.

முன்னறைக்கு அவர் பதிக்கட்டும். நம் அறைக்கானதை உக்குவளைக் கடையில் வாங்கிக் கட்டிலுக்கடியில் வை. நீ மட்டும் இருக்கிற வீடியோ ஒன்று அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் அறையை நான் வந்து மறுபடி அளப்பேன். மறுமுனையை அப்போது பிடி.

உன் றெக்சன்