ரேடியோவில் அழுத குழந்தை

சேசு மரி சூசை துணை

இனயம்,
18-2-1954

அன்பும் மரியாதையும் நிறைந்த ஏசுஅடிமை அண்ணனுக்கு, தங்கை கிரேசி தோத்திரம் சொல்லி எழுதுவது. அம்மையும் செசிலி அக்காளும் நானும் சுகம்.

திருவனந்தபுரம் ரேடியோ நிலையத்தில் நான் முதலில் கவனித்தது கதவைத்தான். உள்பக்கம் மெத்தை தைத்த கதவு. மூடினால் வெளிச்சத்தம் ஒன்றும் வராது. கடல் இரைச்சல் இல்லாத இடத்தில் நான் நின்றது அன்றுதான் முதல் தடவை. என் மூச்சு எனக்கே கேட்டு வெட்கமாக இருந்தது.

அக்காள் ஏன் ரேடியோவில் பாடப் போனாள் என்று கோபமாகக் கேட்டிருந்தீர்கள். பேறுகாலம் பார்க்கப் படித்து சர்ட்டிபிகேட் வாங்கி ஒரு வருடமாகியும் ஒரு வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. "பெத்துப் பாக்காத குமருப் பொண்ணுக்குப் பேறு பாக்கத் தெரியுமா?" என்று பக்கத்து வீட்டு ஜான்ரோஸின் அம்மை கிணற்றடியில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். ஈஸ்டருக்குள் வேலை அமையாவிட்டால் கொழும்பில் துரை வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாவாக வரவேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடு என்று நீங்களும் எழுதினீர்கள். அக்காள் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பேரு தெரிஞ்சாத்தான் ஆளு கூப்பிடும். ஊரு காது குடுக்கது பங்குச் சாமியார் வீட்டு ரேடியோவுக்குத்தான்" என்றாள். தாலாட்டுப் பாட வாய்ப்புக் கேட்டு அன்றைக்கே எழுதிப் போட்டாள்.

துணைக்கு நான் போனேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நீ வாயே திறக்க வேண்டாம் என்று சத்தியம் செய்துதான் என்னைக் கூட்டிப் போனாள். தன் பெயரோடு மருத்துவச்சி என்றும் சேர்த்துச் சொல்லும்படி அங்கே கேட்டாள். தொழிலைச் சொல்லும் வழக்கமில்லை, பேரும் ஊரும் மட்டும்தான் என்றார்கள். அக்காள் முகம் வாடிவிட்டது.

பாட்டுப் பாதியில் ஒரு குழந்தை வீரிட்டது. அடுத்ததாகச் சமையல் குறிப்பு வாசிக்க உள்ளேயே காத்திருந்த அம்மாளின் பிள்ளை, பல் முளைக்கிற வயசு. பாட்டு அப்படியே ரேடியோவில் போய்க்கொண்டிருந்ததால் கதவைத் திறக்கக் கூடாது. அந்த அம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். அக்காள் நிறுத்தாமல், ஏன் அழுதாய் கண்ணே என்று ராகத்தோடு சேர்த்துப் பாடினாள். பிள்ளை சட்டென்று அடங்கியது. முடிவில் அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே, இனயம் செசிலி பாடினார், இங்கே ஒரு குழந்தையும் அமைதியாகிவிட்டது என்றார்.

அதைச் சாமியார் வீட்டு ஜன்னலடியில் நின்று ஊரே கேட்டிருக்கிறது! மறுநாள் காலையில் ஜான்ரோஸின் அம்மையே வந்து நின்றாள். மருமகளுக்கு வலி. "ஏட்டி செசிலி, ரேடியோவில பிள்ளைய அமத்துனவ நீதானே? வா மக்களே" என்றாள். மருமகள் வலியோடு வலியாக, "அந்தப் பாட்டப் படி அக்கா" என்று கத்தினாள். "பாட்டு பொறவு. மொதல்ல வெந்நி எங்க?" என்றாள் அக்காள். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அக்காள் பதறாமல் விரலால் விலக்கி எடுத்தாள். பிள்ளை அழுததும், "இதையும் அமத்து" என்றாள் மாமியார்க்காரி. "இது அழணும் மாமி, நல்லா அழட்டும்" என்று அக்காள் சிரித்தாள். இப்போது மிடாலத்திலிருந்தும் குறும்பனையிலிருந்தும் அவளைக் கூப்பிட ஆள் வருகிறது.

அண்ணனிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ரேடியோவில் அந்தப் பிள்ளையை அடக்கியது பாட்டு இல்லை. அக்காள் தொண்டைக்காக என் தாவணி முனையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டை நான்தான் அதன் வாயில் வைத்தேன். அக்காள் காகிதத்தைப் பார்த்துப் பாடியதால் கவனிக்கவில்லை. அவளிடம் சொல்ல வாயெடுக்கிறேன், வரவில்லை. ஆனால் கொடியை விலக்கியதில் கருப்பட்டிக்குப் பங்கில்லை அண்ணே. அது அக்காளின் கைதான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

போட்டோ இன்னும் எடுக்கவில்லை. அக்காள் இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அவள் கேட்கமாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. மாதா உங்களைக் காப்பாள்.

உங்கள் தங்கை,
கிரேசி

பி.கு.: குறும்பனையிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறது. அக்காள் தலை முடிகிறாள். அவள் பையில் கத்தரி, நூல், சோப்பு எல்லாம் எடுத்து வைத்தேன். அடியில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தேன்.