வருணின் சிறுநீரகமும் என் ரத்தப் பரிசோதனையும்

பவானிபூர்,
கல்கத்தா.

அன்புள்ள சுப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளை ஷ்யாமும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், கட்டியோடு ஒரு சிறுநீரகத்தை எடுத்தபோது குழந்தை வருணுக்குத் தையல் போட்ட இடமும் ஆறியிருக்கும் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வருணின் கட்டிக்குக் காரணமான ஜீன் கோளாறு ஷ்யாமிடம் இல்லை என்று தெரிந்ததும் டாக்டர்கள் உன் ரத்தத்தைக் கேட்டார்கள், உன்னால்தான் என்று ஆகிவிடுமோ என்று பயந்து நீ மாட்டேன் என்றாய். கர்ப்பத்தில் வேலைக்கு ஓடினாயே, அதனால்தான் என்று உன் மாமியார் வேறு சொல்லியிருக்கிறார். பொண்ணை ஏன் படுத்தறேள், நாம குத்திண்டு வரலாம் என்றாள் அம்மா. சரி என்று இருவரும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். ஊசி போட்ட பெண் என்னைச் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி மேஷோமோஷாய் என்று கூப்பிட்டு, பயப்படாதீர்கள் என்று வங்காளத்தில் தைரியம் சொன்னாள், என் முகம் அப்படி இருந்ததோ என்னவோ. வரும் வழியில் லேக் மார்க்கெட்டில் இறங்கி அம்மா முருங்கைக்காய் பேரம் பேசினாள்.

ரிசல்ட் வந்துவிட்டது. அம்மாவிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. அப்படியானால் என்னிடமிருந்து உனக்கு வந்து, உன் வழியாகத்தான் வருணுக்குப் போயிருக்கிறது. காலேஜில் பாடம் நடத்தும்போது எத்தனையோ வருஷம் போர்டில் வரைந்த படம்தான். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது பாக்ஸ்-2 என்ற புரதம் டபிள்யூ.டி.1 என்ற ஜீனைத் தூண்டிவிடும். அந்த ஜீன் செல்களை முதிரவைத்து, தன்னைத் தூண்டிய பாக்ஸ்-2வையே போதும் நிறுத்து என்று அடக்கிவிடும். அடக்க ஆளில்லாவிட்டால் செல்கள் முதிராமல் பெருகிக் கட்டியாகும். அந்த ஜீனில் எனக்கு ஒரு பிரதி பழுது, இன்னொன்று வேலை செய்கிறது, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். வருணுக்கு ஷ்யாமிடமிருந்து வந்த நல்ல பிரதியும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுவிட்டது. நீ வேலைக்குப் போனதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்னொரு குழந்தை வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம், ஜெனடிக்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உன் மாமியாருக்கு நேற்று நானே போன் செய்து, இது என்னிடமிருந்து வந்தது, இனி அவளை ஒன்றும் கேட்காதீர்கள் என்றேன். உங்க உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வருணின் இன்னொரு சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுக்கும் தேதியைத் தவறவிடாதே.

இப்படிக்கு,
உனக்கு இதையும் கொடுத்துவிட்ட அப்பா,
சீதாராமன்