ஆமென் சொல்லாத பிள்ளைக்கு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை விசாரித்தால் மட்டும் "ரொம்ப அமைதியா இருக்கேன்ப்பா" என்கிறாய், அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து நீ ஒரு நாள் அமைதியாக இருந்தவன் இல்லை. போனில் கேட்கலாம் என்றால் அம்மா பக்கத்தை விட்டு நகர மாட்டாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே ஓய்வு பெற்றவன் நான், பெட்டிக்குள் கால் வைத்ததும் எவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிறான் என்றுதான் பார்ப்பேன். புதுக் கோட்டுப் போட்டு ஒரு படம் அனுப்பினாயே, அம்மா கோட்டைப் பார்த்தாள், நான் பின்னாலிருந்த உன் அறைச் சுவரைப் பார்த்தேன். அம்மா கொடுத்தனுப்பிய சிலுவை இருந்த இடத்தில் வெறும் ஆணி. கீழே தரையில் உட்காருவதற்கு ஒரு திண்டு. புத்தர் சொன்னபடி கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பழகுகிறேன் என்று நீயே ஒருநாள் வாய் தவறி உளறினாய். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா ஜெபத்தை முடிக்கும்போது உன் பக்கமிருந்து ஆமென் வருவதில்லை. மியூட்டில் போட்டுவிடுகிறாய், எனக்குத் தெரியாதா.

நம் கீழ் வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரர் புத்த மதத்துக்காரர்தானே, ஓடுகிற கடிகாரத்தை ஓடவில்லை என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் வாயைக் கிளறினேன். உங்கள் வழியில் ஒருவன் கரையேறுவது எப்படி என்று கேட்டதற்கு, "யாரும் யாரையும் கரையேத்த முடியாதுங்க, அவங்கவங்க கால்லதான் நடக்கணும். பிடிச்சு வச்சிருக்கறதை ஒண்ணொண்ணா விடணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் வழியில் நமக்கான டிக்கெட்டை இயேசு தம் உயிரைக் கொடுத்தே எடுத்துவிட்டார், கை நீட்டி வாங்கிக்கொள்வது மட்டும்தான் நம் வேலை. கை நீட்டக்கூட உனக்கு என்ன வீம்பு? விட வேண்டியதில் பெற்றவர்களும் சேர்த்தியா என்று அவரிடம் கேட்டேவிட்டேன். கடிகாரம் பார்க்கக் கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என் பையன் போன் பண்ணலேன்னா எனக்கும் சாப்பாடு இறங்காதுங்க. எனக்கெல்லாம் இன்னும் எத்தனை பிறவி பாக்கியோ" என்றார். கடிகாரத்தைத் துடைத்துக் கொடுத்ததற்குக் காசும் வாங்கவில்லை. என்னையும் வளைத்துப்போடப் பார்க்கிறாரோ என்று சந்தேகம் இன்னும் கூடித்தான் போயிற்று.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்த பிறகு எல்லோரும் ஓரிடத்தில் சந்திப்போம் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் வயதாகிக்கொண்டிருக்கிறோம். நீ வேறு வழியில் போய்விட்டால் உன்னை நான் எங்கே போய்த் தேடுவேன்? அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை வாரமாக உன் ஆமெனையும் நானே சேர்த்துச் சொல்லிவருகிறேன். உன் வழியில் அது செல்லாது என்பார்கள், என் வழியில் ஒருவருக்காக இன்னொருவர் சொல்லலாம். போன வாரம் அம்மா, "எதுக்கு ரெண்டு தடவை சொல்றீங்க" என்று கேட்டாள். தொண்டை சரியில்லை என்று சமாளித்தேன். அவள் போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். என்ன என்றேன். "அவன் இருக்கானான்னு பாத்தேன்" என்றாள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. நம்பாமல் ஆமென் சொல்ல வேண்டாம், எனக்காகப் பொய் சொன்னதாக இருக்க வேண்டாம். மியூட்டை மட்டும் எடுத்துவிடு. திண்டில் உட்கார்ந்து நீ கவனிக்கிற அந்த மூச்சு அம்மாவுக்கும் கொஞ்சம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
சந்தேகமும் பாசமும் தீராத
அப்பா