தர்மாம்பாளை ஏன் சாகடித்தார்கள்

ஐப்பசி 6, புதன்

விடிந்ததிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். அடுப்பை ஊதி ஊதிக் கண் எரிச்சல். அண்ணன் குடை எடுக்காமலே டிஸ்பென்சரிக்குப் போய்விட்டார். கம்பவுண்டருக்கே காய்ச்சல் வந்தால் மருந்து கலக்க யார்?

நாமக்கல்லிலிருந்து மலையேறி வரும் சந்தைச் சுமையோடு புஸ்தகக் கட்டு வந்தது. மேல் காகிதம் நனைந்திருந்தது, உள்ளே சேதமில்லை.

துப்பறியும் நாவல் ஒன்று. கொலைகாரன் யாரென்று முதல் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துப்பறிகிறவருக்கு மட்டும் தெரியவில்லை.

சமையல் புஸ்தகம். எதற்கெடுத்தாலும் கால்படி நெய். எழுதினவர் அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை.

தர்மாம்பாள் நாவல், இரண்டாம் பாகம். இதற்குத்தான் ஆடியிலிருந்து காத்திருந்தது. முதல் பாகத்தில் அவளுக்குப் பதினாறு வயதில் தாலி போய்விட்டது. மாமியார் வீட்டில் கிடக்கிறாள். ஒருத்தன் ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் போனது பத்தொன்பதில். ஜன்னல் வழியாக யாரும் பேசவில்லை.

ஐப்பசி 7, வியாழன்

தூறல். அட்டை ஏறிக் காலெல்லாம் ரத்தம்.

வெள்ளையம்மாள் மிளகுக் கூடையோடு வந்தாள். இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்றேன். கூடையை இறக்கக்கூட இல்லை.

"அவ அங்கிருந்து கெளம்பிட்டாளாங்க?"

இன்னும் படிக்கவில்லை என்றேன்.

"என்னைய உட்டுப்போட்டுப் படிச்சறாதீங்க அம்மிணி. சனிக்கெழமை வாரேன்."

இவளுக்கு எழுத்துத் தெரியாது. முதல் பாகம் முழுக்க நான் படிக்கக் கேட்டவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். முதல் புருஷன் அடித்தான் என்று பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சடையனைக் கட்டிக்கொண்டவள். மலையில் அது வழக்கமாம். புடவை மாற்றின மாதிரி சொல்லுவாள்.

என் கதை வேறு. அண்ணன் மனைவி, எங்கள் நங்கையா, மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ஏறி வர மாட்டேன் என்றுவிட்டார். அண்ணனுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும். போனால் போகட்டும் என்கிற ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். எல்லாரும் ஒருமனதாக அனுப்பிவைத்தார்கள்.

ஐப்பசி 9, சனி

வெ. வந்தாள். சாயங்காலம் வரை படித்தோம். தர்மாம்பாளின் கண்ணுக்கு மட்டும் இரண்டு பக்கம். மீன், மான், தாமரை எல்லாம் வந்து போயின.

"கண்ணு கெடக்கட்டுங்க. அவ சோறு தின்னாளா?"

திருப்பிப் பார்த்தேன். வாஸ்தவம். புஸ்தகம் தொடங்கினதிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அழுவதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு.

ஐப்பசி 14, வியாழன்

முடிந்தது. தர்மாம்பாள் கிணற்றில் விழுந்து செத்தாள்.

வெ. கேட்டாள், "யாராச்சும் தள்ளி உட்டாங்களா?"

"இல்ல. தானாத்தான்."

"பேசுனானே, அவன்?"

"காசிக்குப் போயிட்டான்."

"அவன் காசிக்குப் போலாம், அவ கெணத்துக்குத்தான் போவோணுமா? எதுக்கு அவளைச் சாவடிச்சாங்க?"

கீழே அப்படித்தான், கதை என்றால் வேறு எப்படி முடியும் என்றேன். சொல்லும்போதே என் குரல் என் மாமியார் குரல் மாதிரி கேட்டது.

"அப்ப நீங்க எதுக்குங்க மலையேறி வந்தீங்க? உங்கூர்ல கெணறு இல்லீங்களா?"

எழுந்து போய்விட்டாள்.

நாவலாசிரியர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். தண்ணீர்ச் சத்தம் காதில் விழுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு, அவளை வாசற்படி தாண்டி நாலு எட்டு நடக்க வைக்கத் தெரியாதா?

ரசம் காரம். அண்ணன் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

ஐப்பசி 20, புதன்

வெ. வரவில்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். கோபமில்லை, காய்ச்சல். சடையன் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்க வந்தான்.

"தூக்கித் தூக்கிப் போடுதுங்க. மூணு கம்பளி போத்தியும் நிக்குல."

போகாதே என்றார் அண்ணன். "சொன்னாக் கேளு கண்ணு. சரிவெல்லாம் சேறு." போனேன்.

அடுப்பை ஒட்டிப் படுத்திருந்தாள். கண் மஞ்சள்.

"கோவமுங்களா அம்மிணி?"

"இல்ல."

"எனக்குக் கோவந்தானுங்க. உங்க மேல இல்லீங்க."

கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய். போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி 23, சனி

அண்ணனும் கூட வந்தார். சிறுநீர் கறுத்துவிட்டதாம். வெளியே வந்து ரொம்ப நேரம் கை கழுவினார்.  

ஐப்பசி 24, ஞாயிறு

காலையில் வெ. போய்விட்டாள்.

ஐப்பசி 26, செவ்வாய்

வெயில். துணி காயப்போட்டேன்.

நாவல்களில் சாகிறவர்கள் ரொம்பப் பேசுகிறார்கள். எல்லாரையும் கூப்பிட்டு, மன்னித்து, புத்தி சொல்லி, ஸ்லோகம் சொல்லி. வெ. போகும்போது பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். "கோழிய அடைச்சாச்சா?" என்றாள். அடைச்சாச்சு என்றான் சடையன். பிறகு மூச்சு மட்டும். அதற்கு அத்தியாயம் கிடையாது. அரைப் பக்கம்கூட வராது.

துப்பறியும் நாவலை எடுத்தேன். இரண்டாவது பிணம் விழுகிறது. மூடி வைத்துவிட்டேன். இனி இப்படிச் சீட்டுக் கலைக்கிற மாதிரி ஆளைக் கொல்கிற கதையைத் தொடுவதில்லை.

உப்பு, சீயக்காய், விளக்குத் திரி வாங்க வேண்டும்.

கார்த்திகை 5, வியாழன்

பனிமூட்டம். எதிர்வீடு தெரியவில்லை.

சடையன் வந்தான். மிச்சமிருந்த கொயினாப் பொட்டலத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க படிக்கற கதைய அவ வந்து எங்களுக்குச் சொல்லுவாளுங்க. அடுப்புகிட்ட உக்காந்துக்கிட்டு. அந்தப் பொண்ணு ஊட்டை உட்டுக் கெளம்பறப்ப எங்கம்மாகூட அழுதுட்டாங்க."

"கெளம்புனாளா?"

"ஆமாங்க. மழையோட மழையா மலையேறி வந்துட்டாளாமுங்க. இங்க நம்ம மலையில, அரியூர் நாட்டுல ஒருத்தன் ஊட்டுல ஒதுங்கி, அப்புறம் அவனையே கட்டிக்கிட்டாளாம். ரெண்டு புள்ளைங்களாம். புஸ்தகத்துல அப்படித்தானுங்களே?"

தலையாட்டினேன்.

"அப்படித்தான்."

"அந்தப் புள்ளைங்க பேரு என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தனுங்க. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னா."

வாயில் வந்த இரண்டு பேரைச் சொன்னேன். அவன் அதை மறந்துவிடாமலிருக்க முணுமுணுத்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனான்.