மேல்தட்டுல ஏத்தின பெட்டரி

அஸ்ஸலாமு அலைக்கும் றிஸ்மினா,

நீயும் புள்ளைகளும் எப்பிடி? மாமிட கால்நோவு கொறஞ்சிட்டா? அல்ஹம்துலில்லாஹ், நான் சுகம்.

புள்ள, போன கிழம இஞ்ச வேல செய்யிற எடத்துல ஒரு கூத்து. போன், இன்டநெட் சாமானெல்லாம் இரும்பு றாக்குல அடுக்கி வயர் குடுக்கிறதுதானே எங்கட வேல. புது றாக்குல பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள பச்ச லைட் எரிஞ்சாத்தான் எனக்குப் பெருநாள் லீவு எண்டுட்டார் போர்மன் முஹ்ஸின் காக்கா. அவர் பொத்துவில் ஊரார், நல்ல மனிசன், குறட்டைதான் பொல்லாத குறட்டை.

பெட்டரிதான் வெல கூடின சாமான். நம்மட ஊட்டுல வெல கூடின கோப்பையெல்லாம் அலுமாரிட மேல்தட்டுலதானே? மாப்புள நான் வந்தும் மாமி அத எறக்கல்ல, அது வேற கத. நானும் அப்பிடியே பெட்டரிய ஆக மேல ஏத்திட்டன். மறுகா றாக் மெல்லச் சாஞ்சி வருது!

"யா அல்லாஹ், முதுகக் குடுங்கடா!" எண்டு காக்கா கத்தினார். எல்லாரும் முட்டுக் குடுத்தம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல.

"பாரமான சாமான றாக்குட மண்டையிலயாடா வெச்ச?" எண்டு எனக்கு ஏசினார்.

கழட்டி, பெட்டரிய அடியில வெச்சித் திரும்ப அடுக்கினம். அஸர் பாங்கு சொல்லக்குள்ள எல்லா லைட்டும் பச்ச!

"ஓம் ஓம், ஊருக்குப் போ" எண்டார் காக்கா.

பெருநாளைக்கு வாறன் புள்ள. சோத்துக்கு மீனாணம் ஆக்கு. இஞ்ச தனியத் திண்டு ருசியே மறந்திட்டு. வேலைக்கு ஏத்திப் போற வேன்காரன் ஹோன் அடிக்கான். பெருநாளண்டு எல்லாரும் ஒரே சஹன் தட்டச் சுத்தித் தின்ன இரிக்கக்குள்ள, உனக்குப் பக்கத்துல எனக்கும் எடம் உடு.

உன்ட ஸப்றான்